‘சொப்பி’ (soppy) என்னும் ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பிரியும் நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலைகளில் கைமாறும் ஆட்டோகிராப் புத்தகங்களில், “நானுஓயாவில் கோச்சி நிற்கும், நம் நட்பு மட்டும் நிற்காது” என்ற வகை வரிகளுக்குக் குறைவிருக்காது. அருகில் சிவப்பு மையில் இரண்டு இதயங்களும் ஒரு ரோசாப்பூவும் இருக்கும். எழுதியவரின் அன்பில் பொய்யில்லை. அது அளவு மீறி வழிகிறது, அவ்வளவுதான். இதைப் பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘சொப்பி’ என்பார்கள்.

பாலிலோ சூப்பிலோ தோய்த்த பாண் துண்டைக் குறிக்கும் ‘சொப்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்து, முதலில் நனைந்து ஊறியதைச் சுட்டிய இச்சொல், பின்னர் உணர்ச்சியில் ஊறியதையும் சுட்டலாயிற்று. ‘சொப்பி லெட்டர்’ எனப் பெயருக்கு முன்னும், ‘தி லெட்டர் இஸ் சொப்பி’ எனப் பின்னும் வரும். நாய்க்குட்டியைக் கண்டால் உருகிப்போகிறவரைச் சொல்வதற்கு, ‘அபவுட்’ என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்த்து ‘சொப்பி அபவுட் டோக்ஸ்’ என்பது வழக்கம். அமெரிக்கர் இதே பொருளில் ‘சப்பி’ (sappy) என்பர். பழசாகிப் புளித்த பகிடிக்கு உரிய ‘கோர்னி’யையும் (corny), திகட்டலைக் கடுமையாகக் கண்டிக்கும் ‘மோக்கிஷ்’ஷையும் (mawkish) இதனோடு குழப்பக்கூடாது.

இச்சொல்லில் கேலியும் செல்லமும் கலந்திருப்பதால், சொல்லப்படுபவரும் கேட்டுச் சிரிக்கக்கூடிய இடத்திலேயே அதைப் பயன்படுத்த வேண்டும். தன்னைப் பற்றியும், தோழியைப் பற்றியும், தீபாவளிக்கு வீடு வரமுடியாமல் கொழும்பிலிருந்து கவிதை அனுப்பும் அண்ணனைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம். ‘எ பிட்’ என்பதை முன்னால் சேர்த்தால் கேலி மேலும் மென்மையாகும். துயரத்துக்கு இது அறவே பொருந்தாது. மாசி மாதக் காமன் கூத்தில், எரிந்துபோன மன்மதனுக்காக ரதி புலம்புவதைக் கேட்டுத் தோட்டமே கலங்கி நிற்கையில், அதைச் ‘சொப்பி’ என்பவர் ஆங்கிலத்தையும் அறியாதவர், கூத்தையும் அறியாதவர். ஓய்வுபெறும் ஆசிரியரின் பிரியாவிடை உரையைப் பற்றி அவர் காதுபடச் சொல்வதும் மரியாதைக் குறைவாகும்.

பேச்சு வழக்குக்குரிய இச்சொல்லைப் பரீட்சைக் கட்டுரையில் எழுத நேர்ந்தால், அவ்விடத்தில் ‘சென்டிமென்டல்’ என்று எழுதுவதே தகும். உரையாடல் எழுதச் சொல்லும் வினாவில் மட்டும், பாத்திரத்தின் வாயில் ‘சொப்பி’யைத் தயங்காமல் வைக்கலாம்.