அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: மாதிரிகளைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள்

கட்-ஆஃப், கலந்தாய்வு என்று பழகிவிட்டு 10, 11ஆம் வகுப்புப் பிள்ளையோடு அமெரிக்கா வந்திருக்கும் பெற்றோருக்கு இது. இங்கே மதிப்பெண் பட்டியலில் தெரியாத ஒன்றைப் பிள்ளையே சொல்லட்டும் என்றுதான் கட்டுரை கேட்கிறார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை வைத்த பள்ளிக் கட்டுரை இதற்கு உதவாது.

நடைமுறை சுருக்கமாக: பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் இணையதளமான காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முதன்மைக் கட்டுரை 250 முதல் 650 சொற்கள். ஏழு தலைப்புகளில் ஒன்று, அதில் ஏழாவது சொந்தத் தலைப்பு. பல கல்லூரிகள் இதற்கு மேல் தனித்தனியாகச் சிறு கட்டுரைகளும் கேட்கும். யூசி எனப்படும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: 8 கேள்விகளில் 4, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 350 சொற்கள். எம்ஐடிக்கும் தனி விண்ணப்பம்தான். முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி தொடக்கம் என்பதே பெரும்பாலான கல்லூரிகளின் கடைசி நாள். ஆகவே 11ஆம் வகுப்பு முடிந்த கோடையிலேயே எழுதத் தொடங்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் மாதிரிக் கட்டுரைகள். வாட்ஸ்அப் குழுவில் "போன வருஷம் சீட் கிடைச்ச பிள்ளை எழுதினது இருந்தா அனுப்புங்க" என்று கேட்டால் பத்து பிடிஎஃப் வந்து சேரும். அவற்றைப் படித்த கையோடு பிள்ளை எழுத உட்கார்ந்தால் அந்த அச்சு அப்படியே இறங்கிவிடும்: திடுக்கிடும் முதல் வரி, பின்னோக்கிய நினைவு, கடைசியில் ஒரு பாடம். அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது. மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், செய்த வேலைகள் எதுவும் அந்த பிடிஎஃபில் இல்லையே.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு அச்சும் காத்திருக்கிறது: விமான நிலையம், புரியாத உச்சரிப்பு, தனியாகச் சாப்பிட்ட மதிய உணவு, பிறகு வெற்றி. அனுபவம் உண்மைதான். ஆனால் அதே வரிசையில் ஏராளமான பிள்ளைகள் எழுதுகிறார்கள். "புது நாட்டில் விடாமுயற்சியைக் கற்றேன்" என்பதை யாரும் எழுதலாம். "14ஆம் எண் பேருந்து ஏன் தினமும் தாமதமாகிறது என்று மதிய இடைவேளைகளில் அட்டவணையைத் திருத்தி வரைந்தேன்" என்பதை ஒரு பிள்ளைதான் எழுத முடியும். வாசிப்பவர் நினைவில் நிற்பது இரண்டாவதுதான்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் பிள்ளையை இருபது நிமிடம் பேசவிட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்தே இருக்கட்டும். யாரும் சொல்லாமலே எதைச் செய்கிறாய், எந்த விஷயத்தில் உன் எண்ணம் மாறியது என்று கேளுங்கள். அதிலிருந்து 800, 900 சொற்களில் முதல் வரைவு. அதற்குப் பிறகுதான் மாதிரிகள், ஐந்தாறு போதும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற சில கல்லூரிகள் தங்களுக்குப் பிடித்த கட்டுரைகளைத் தாங்களே இலவசமாக வெளியிடுகின்றன. மாதிரியை எழுதிய பிள்ளை மட்டுமே எழுதியிருக்கக்கூடிய வரிகளைப் பென்சிலால் கோடிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து அதே பென்சில் சொந்த வரைவுக்கு. கோடு விழாத வரிகளை வெட்டினால் 650 தானாக வந்துவிடும். பாட்டியைப் பற்றிய கட்டுரை என்றால், பாட்டிக்கு எத்தனை வரி, பிள்ளைக்கு எத்தனை வரி என்றும் எண்ணிப் பாருங்கள். விண்ணப்பிப்பது பிள்ளை.

பெற்றோர் கை வைக்கும்போதுதான் கட்டுரை அதிகம் கெடுகிறது. கலாம் மேற்கோளோடு தொடங்கச் சொல்லாதீர்கள், அகராதிச் சொற்களைத் திணிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு "திருத்தித்" தருபவர்கள் முழுவதையும் மாற்றி எழுதினால், பதினேழு வயதுப் பிள்ளையின் குரல் அதில் இருக்காது. யூசி இந்தப் பதில்களைக் களவு எழுத்துச் சோதனைக்கு உட்படுத்துகிறது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைச் சொந்த எழுத்தாகக் கொடுப்பதை காமன் ஆப் மோசடி என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஆங்கில ஆசிரியர் ஒருவர், பிள்ளையை நன்கு அறிந்த ஒருவர், இந்த இருவர் படித்தால் போதும்.

நடுவில் பாடத்திட்டம் மாறியது, ஊரில் 78 சதவீதம் என்பது நல்ல மதிப்பெண், மாற்றத்தால் ஒரு பாடம் விட்டுப்போனது போன்ற விளக்கங்களைக் கட்டுரையில் நுழைக்க வேண்டாம். கூடுதல் தகவல் பகுதி அதற்காகவே இருக்கிறது. பள்ளி கவுன்சலரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். பள்ளியின் அறிக்கையை அனுப்புவது அவர்தான்.

"ஏன் எங்கள் கல்லூரி" என்ற கேள்விக்கு எழுதியதில் கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் வேறு எழுத வேண்டும். குறிப்பிட்ட பாடம், ஆய்வகம், பேராசிரியரின் வேலை என்று ஏதாவது ஒன்று அந்தக் கல்லூரிக்கே உரியதாக இருக்க வேண்டும். அனுப்பும் முன் முன்னோட்ட பிடிஎஃபைத் திறந்து, வேறு கல்லூரியின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகும் முதன்மைக் கட்டுரையைத் திருத்தலாம், ஆனால் அந்தத் திருத்தம் இனி அனுப்பப்போகும் கல்லூரிகளுக்கு மட்டுமே போகும்.