எஸ்-லாக்3ல எடுக்கும்போது எக்ஸ்போஷர் எப்படி வைக்கணும்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

லாக்ல (எடிட்ல கலர் பண்றதுக்காக கான்ட்ராஸ்ட் கம்மியா பதிவாகிற முறை, சோனில அதுக்கு ஒரு பேரு எஸ்-லாக்3) எடுத்த ஃபுட்டேஜ் கிரேட் பண்ணும்போது, அதாவது கலர் சரி பண்ணும்போது, நிழல் பக்கம் பூரா நாய்ஸா வருதுன்னு நிறைய பேர் கேக்குறீங்க. பெரும்பாலும் வெளிச்சம் பத்தாம எடுத்ததுதான் காரணம். லாக் படம் ஸ்கிரீன்ல சாம்பல் பூசின மாதிரி வெளிறித் தெரியுமா, உடனே கை தானா எக்ஸ்போஷர குறைச்சிடும், அங்கதான் கெட்டுப்போகுது. என் முதல் கல்யாண வேலையில ஜரிகை ரொம்ப பளிச்சுன்னு தெரியுதேன்னு ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்துல பாதி) குறைச்சு எடுத்துட்டேன், எடிட்ல ஏத்திப் பாத்தா பொண்ணோட தலைமுடி முழுக்க பச்சையும் ஊதாவுமா புள்ளி, கடைசி வரைக்கும் அத சரி பண்ண முடியல.

சோனி ஏ7எஸ்3ய வச்சு சொல்றேன், மத்த சோனிலயும் வழி இதேதான், ஐஎஸ்ஓ நம்பர் மட்டும் மாறும்.

முதல்ல செட்டிங். 10 பிட் 4:2:2ல வைங்க, 8 பிட்ல ஒரு கலருக்கு 256 படிதான், 10 பிட்ல 1024, லாக்க இழுத்து விரிக்கும்போது 8 பிட்ல வானம் பட்டை பட்டையா உடையும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால டியூப்லைட் ஃபிளிக்கரும் வராது. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ வேண்டாம், ஒரு கெல்வின்ல பூட்டிடுங்க.

அடுத்து ஐஎஸ்ஓ. இந்த கேமராவுக்கு எஸ்-லாக்3ல பேஸ், அதாவது சென்சார் சுத்தமா வேலை செய்யுற ஐஎஸ்ஓ, 640, ரெண்டாவது பேஸ் 12800. நம்பருக்கு மேலயும் கீழயும் கோடு தெரிஞ்சா அது நீட்டிச்ச ஐஎஸ்ஓ, அந்தப் பக்கம் போகாதீங்க. இருட்டான மண்டபத்துல 8000, 10000னு ஏத்திக்கிட்டே போறதுக்குப் பதிலா நேரா 12800க்கு தாவி, அதிகமானத அப்பர்ச்சர்லயோ என்டிலயோ (லென்ஸ் முன்னாடி போடுற, வெளிச்சத்த குறைக்கிற கருப்புக் கண்ணாடி) குறைச்சுக்குங்க, அதுதான் சுத்தமா இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். 18% கிரே கார்டு ஒண்ணு வாங்கிடுங்க, விலையும் கம்மிதான். எஸ்-லாக்3ல அந்த கார்டு பிரைட்னஸ் அளவுல சரியா 41%ல உக்காரணும், வெள்ளைக் காகிதம் 61% பக்கம். அதுதான் சோனியோட கணக்கு. ஆனா நான் அதவிட 1லிருந்து 1.7 ஸ்டாப் வரைக்கும் ஏத்திதான் எடுப்பேன், ஏன்னா நிழலுக்கு வெளிச்சம் கிடைச்சாதான் நாய்ஸ் அமுங்கும். ஒரு ஸ்டாப்புக்கு சுமார் 9% ஏறும், அதனால +1னா கார்டு 50%, +1.7னா 56%. ஜீப்ரால (குறிப்பிட்ட பிரைட்னஸ் வர்ற இடத்துல ஸ்கிரீன்ல கோடு காட்டுற வசதி) சி1க்கு 56 பிளஸ் மைனஸ் 2ன்னு போட்டு, ஆளு நிக்கிற இடத்துல அதே லைட்ல கார்ட புடிச்சு, கார்டுல கோடு ஓடுற வரைக்கும் அப்பர்ச்சர திருப்புங்க, அவ்வளவுதான். சி2வ 94+ல வைங்க, அங்கதான் படம் எரிய ஆரம்பிக்கும். மாப்பிள்ளை வேட்டி சட்டைல அந்தக் கோடு வந்தா அரை ஸ்டாப் இறக்குங்க. பல்பு, சூரியன், வெள்ளித் தட்டுல மின்னுற புள்ளி இதெல்லாம் எரிஞ்சா பரவால்ல விடுங்க.

வெளிநாட்டு வீடியோக்கள்ல முகத்துக்குன்னு ஒரு ஜீப்ரா நம்பர் சொல்லுவாங்க, அத அப்படியே எடுக்காதீங்க, அது பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்குச் சொன்னது. நம்ம கருப்பு, மாநிறத்துக்கு அதே நம்பர் வர்ற வரைக்கும் ஏத்தினா பின்னாடி இருக்கிற வெள்ளை எல்லாம் போயிடும். கார்டு யாரு நின்னாலும் ஒரே பதில்தான் சொல்லும்.

வெயில்ல என்டி இல்லாம முடியவே முடியாது. உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 640க்கு எஃப் 16, ஷட்டர் 1/640 தான் சரியான எக்ஸ்போஷர், நீங்க 1/50ல எஃப் 2.8 தொறந்தா கிட்டத்தட்ட 9 ஸ்டாப் அதிகம். ஒன்றரை ஸ்டாப் ஏத்தி எடுக்கிறத கழிச்சாலும் 7 ஸ்டாப் குறைக்கணும், அதாவது என்டி 128. 2லிருந்து 5 ஸ்டாப் வேரியபிள் என்டி மட்டும்தான் கைல இருக்குன்னா எஃப் 8க்கு மூடிக்குங்க. அந்த வேரியபிள் என்டிய கடைசி வரைக்கும் திருப்பாதீங்க, வைட் லென்ஸ்ல எக்ஸ் மாதிரி கருப்பு நிழல் விழும்.

காமா டிஸ்ப்ளே அசிஸ்ட் (லாக் படத்த ஸ்கிரீன்ல மட்டும் சாதாரண கலர்ல காட்டுறது) ஆன் பண்ணிக்கலாம், ஃபிரேம் பாக்க வசதி, ஆனா எக்ஸ்போஷர் முடிவு ஜீப்ராவ வச்சுதான்.

எடிட்டுக்கு வந்தா, டாவின்சி ரிசால்வ்ல ரெண்டு நோட் (கலர் வேலைய ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா செய்யுற பெட்டி) போடுங்க. ரெண்டாவது நோட்ல கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம், இன்புட்டு எஸ்-காமட்3.சினி, எஸ்-லாக்3, அவுட்புட்டு ரெக் 709. முதல் நோட்ல ஆஃப்செட்ட இறக்கி நீங்க ஏத்தின எக்ஸ்போஷர திருப்பிக் கொண்டு வாங்க, ரெண்டாவது நோட்ட கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு ஸ்கோப்ல (பிரைட்னஸ் காட்டுற கிராஃப்) பாத்தா கார்டு 41%க்கு வந்தா சரி. டிரான்ஸ்ஃபார்முக்குப் பதிலா லட் (LUT, கலர மாத்துற ரெடிமேட் ஃபைல்) போட்டு, இந்த வரிசைய மாத்தி அதுக்கு அப்புறம் இறக்குனீங்கன்னா, லட் ஏற்கனவே வெட்டிப்போட்ட ஹைலைட் திரும்பி வராது, வெள்ளைச் சட்டை அழுக்குச் சாம்பலாதான் நிக்கும்.

வேலைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி வீட்டு ஜன்னல் பக்கம் யாரையாவது உக்கார வச்சு 0, +1, +1.7ன்னு மூணு கிளிப் எடுங்க, மூணையும் 41%க்கு இறக்கி, 200% ஜூம்ல தலைமுடிய மட்டும் பாருங்க.