நெட்வொர்க்கிங் பாடத்தைக் கேபிளில் தொடங்குங்கள்

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் பாடம் நடத்துகிறேன். பாடநூல் ஓ.எஸ்.ஐ. மாதிரியின், அதாவது கணினிகளுக்கு இடையே தரவு போகும் வேலையைப் படிகளாகப் பிரித்துக் காட்டும் வரைவின், ஏழு அடுக்குகளில் தொடங்குகிறது. மாணவர்கள் அவற்றை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இணைப்பு வரவில்லை என்றால் எங்கே கைவைப்பது என்று புரியாமல் நிற்பார்கள். அதனால் என் வகுப்பில் ஏழு அடுக்குகள் கடைசியில்தான் வரும்.

முதலில் கேபிள். இரண்டு பேருக்கு ஒரு துண்டு கேட்5இ நெட்வொர்க் கேபிள் (ஜோடி ஜோடியாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் கொண்டது), அதன் நுனிகளில் பொருத்த இரண்டு ஆர்ஜே45 கனெக்டர்கள் கொடுங்கள். கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலும் டெஸ்டரும் வகுப்புக்குப் பொதுவாக இருந்தால் போதும். 568பி என்ற கம்பி வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடிக் கம்பிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க விடாதீர்கள். வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து பிடிபட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டு பச்சைக் கம்பிகளுக்கு நடுவே நீல ஜோடி ஏன் வருகிறது என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். கனெக்டரின் எட்டு முனைகளில் நடு இரண்டும் தொலைபேசி இணைப்பின் வழக்கத்தில் வந்தவை. அவற்றை விட்டுக்கொடுத்து 3, 6 ஆகிய முனைகள் ஒரு ஜோடியாயின. இதை அறியாமல் பச்சையையும் நீலத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கிரிம்ப் செய்தால், கேபிளின் இரு நுனியிலும் வரிசை ஒன்றாக இருக்கும்வரை சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 முனைகளுக்குப் போகும் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டவையாக இருக்காது. பக்கத்துக் கம்பியின் சிக்னல் கலந்து, தரவு விட்டுவிட்டு வரும். அப்படி ஒரு கேபிளை வேண்டுமென்றே செய்து வைத்து, ஒரு பெரிய கோப்பை அதன் வழியே அனுப்பிக் காட்டுங்கள். கம்பிகளை ஏன் முறுக்குகிறார்கள் என்பதை வேறு எப்படி விளக்கினாலும் இவ்வளவு ஆழமாகப் பதியாது.

அடுத்து, இரண்டு கணினிகளைச் சரியாகச் செய்த ஒரு கேபிளால் இணைத்து 192.168.1.1, 192.168.1.2 என்று ஐபி முகவரிகளைக் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இப்போது பிங் செய்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று மறு கணினிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினால், விண்டோஸில் பெரும்பாலும் பதில் வராது, வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் தடுக்கும். ஃபயர்வாலை முழுவதும் அணைத்துவிடும் பழக்கத்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். உள்வரும் விதிகளில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' தலைப்பில் உள்ள 'எக்கோ ரிக்வெஸ்ட்' விதியை மட்டும் அனுமதித்தால் போதும்.

பிங் காட்டும் பிழைச் செய்திகள்தான் இந்தப் பாடத்தின் உயிர் என்பேன். இல்லாத 192.168.1.50-ஐ பிங் செய்தால், பிங் அனுப்பிய கணினியின் சொந்த முகவரியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரும். அந்த முகவரிக்குரியவர் யார் என்று கேட்டும் ஒருவரும் குரல் கொடுக்கவில்லை என்று பொருள். ஃபயர்வால் தடுத்த கணினியை பிங் செய்தால் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வரும். ஆள் இருக்கிறார், பதில்தான் வரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, வேறுபாட்டை மாணவர்களையே சொல்ல வையுங்கள்.

இங்கேயே ஏஆர்பி அட்டவணையை, அதாவது எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று கணினி குறித்துவைக்கும் பட்டியலை, திறந்து பார்க்கலாம். பிங் செய்வதற்கு முன் அதில் இல்லாத பக்கத்துக் கணினி, செய்த பிறகு அதன் நெட்வொர்க் கார்டுக்கே உரிய 12 இலக்க மேக் முகவரியோடு வந்து நிற்கும்.

பிறகு பல கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் ஒரு ஸ்விட்சை வைத்து மூன்றாவது கணினியைச் சேர்த்து, அதற்கு மட்டும் 192.168.2.3 கொடுங்கள். கேபிள் சரி, ஸ்விட்சில் விளக்கும் எரிகிறது, பிங் மட்டும் போகாது. வெவ்வேறு நெட்வொர்க்குகளை இணைக்கும் ரவுட்டர் எதற்கு என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே எழும். அப்போதுதான் ரவுட்டரை அறிமுகப்படுத்துவேன். ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி, இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் இரண்டும் அதற்குப் பிறகு விரைவாக நகர்ந்துவிடும்.

ஏழு அடுக்குகளுக்கு இப்போது வரலாம். கேபிள் முதல் அடுக்கு, மேக் முகவரி இரண்டாவது, ஐபி மூன்றாவது என்று மாணவர்களே பொருத்திவிடுவார்கள். செய்முறைத் தேர்வில் ஒரு கணினியின் ஐபி முகவரியை மாற்றி வைப்பேன், இன்னொன்றில் பிழையான கேபிளைச் செருகி வைப்பேன். கோளாறைக் கண்டுபிடித்தால் பாதி மதிப்பெண். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுதினால்தான் மீதி.