வரைபுக் கணிப்பானில் மூலம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரம் முடித்து கிளிநொச்சி அறிவியல்நகர் பொறியியல் பீடத்துக்கோ பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகக் காத்திருக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் கையில் ஊறியிருக்கும். காரணிப்படுத்துவார்கள், தன்மைகாட்டி (இருபடிச் சார்புக்கு பி² − 4ஏசி) பார்ப்பார்கள், வரைபைக் கையாலேயே கீறுவார்கள். போனில் ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் போன்ற வரைபு கீறும் செயலியோ, கையில் ஒரு வரைபுக் கணிப்பானோ வந்ததும் பலர் அதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். சார்பின் மூலம் எது, அதாவது அது கிடை அச்சை எங்கே வெட்டுகிறது என்று கேட்டால் திரையைப் பார்த்தே விடை எழுதுகிறார்கள். படித்த கணிதத்தை அந்த இடத்தில் கைவிடாதீர்கள்.

திரையில் தெரிவதுதான் முழு வரைபு என்று நம்புவதே பெரிய தவறு. ரிஐ-84 கணிப்பானின் வழமையான திரை இரு அச்சுகளிலும் −10 முதல் 10 வரை மட்டுமே காட்டும். அதில் எக்ஸ்² − 13எக்ஸ் + 22 ஐக் கீறிப் பாருங்கள். வளையி 2 இல் அச்சை வெட்டி இறங்கி, அடிவிளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். வலது கீழ் மூலையை உற்றுப் பார்த்தால் சின்னத் துண்டொன்று மேலே ஏறுவது தெரியும். இருபடிச் சார்பு இறங்கினால் திரும்பி ஏறத்தானே வேண்டும்? மற்ற மூலம் 11 இல், திரைக்கு வெளியே இருக்கிறது.

எக்ஸ்² − 2.1எக்ஸ் + 1.1, எக்ஸ்² − 2எக்ஸ் + 1.01 இரண்டையும் அதே திரையில் கீறினால் இரண்டும் 1 அருகே அச்சைத் தொட்டு நிற்பதுபோலத்தான் இருக்கும். உண்மையில் முதலாவது 1 இலும் 1.1 இலும் வெட்டுகிறது. இரண்டாவது அச்சைத் தொடுவதே இல்லை. பெருப்பித்துப் பாருங்கள், அல்லது தன்மைகாட்டியைப் போடுங்கள்: முன்னதற்கு 0.01, நேர் என்பதால் இரு மூலங்கள்; பின்னதற்கு −0.04, மறை என்பதால் அச்சை வெட்டாது. எனக்கென்றால் தன்மைகாட்டிதான் விரைவு.

மூலம் தேடும்போது கணிப்பான் கேட்கும் இடது, வலது எல்லைகளைக் கண்டபடி கொடுப்பதும் தவறு. தொடர்ச்சியான சார்பு ஓர் எல்லையில் நேராகவும் மற்றதில் மறையாகவும் இருந்தால் இடையில் மூலம் நிச்சயம் உண்டு. மேலே சொன்ன எக்ஸ்² − 2.1எக்ஸ் + 1.1 சார்புக்கு 0, 2 என்று கொடுத்தால் இரு முனையிலும் பெறுமானம் நேர்தான். உள்ளே இருக்கும் இரண்டு மூலங்களைக் குறி காட்டிக்கொடுக்காது. 1.05 இல் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் தனியாகத் தேடுங்கள்.

குறி மாறினாலும் மூலம் இல்லாமல் போகலாம். 1/(எக்ஸ் − 3) ஆனது 3 இல் மறையிலிருந்து நேருக்குப் பாய்கிறது. பழைய கணிப்பான்கள் புள்ளிகளை இணைத்து அங்கே நிலைக்குத்தாகக் கோடு கீறிவிடும். அது அணுகுகோடு (வளையி நெருங்கிப் போயும் தொடாத கோடு) இருக்கும் இடம், வெட்டும் இடமல்ல. (எக்ஸ்² − 4எக்ஸ் + 4)/(எக்ஸ் − 2) ஐக் கீறினால் கோடு 2 இனூடாகப் போவதுபோல் தெரியும், ஆனால் 2 இல் சார்பே வரையறுக்கப்படவில்லை.

சைன் எக்ஸ் கீறும்போது கணிப்பானின் கோண அலகு பாகையில் இருந்தால் அச்சோடு ஒட்டிய கோடு மட்டுமே வரும். ஆரையனுக்கு மாற்றினால் −10 இற்கும் 10 இற்கும் இடையில் ஏழு மூலங்கள் தெரியும்.

மூலத்தில் வை பெறுமானம் 2ஈ−13 என்று வந்தால் 2 என்று வாசிக்காதீர்கள். அது 2 ஐப் பத்தின் 13 ஆம் அடுக்கால் வகுத்தது. அங்கே பூச்சியம் என்றே கொள்ள வேண்டும். செம்மையான விடை கேட்ட இடத்தில் 1.4142136 என்று எழுதாமல், எக்ஸ்² − 2 ஐத் தீர்த்து √2, −√2 என்று எழுதுங்கள்.