கைபேசிக்குப் பயந்து புகையை மறக்கிறோம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகுக்கு வெல்டிங் வைக்கும்போது, பக்கத்தில் நின்று வெறும் கண்ணால் வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. கைபேசி பார்க்கும் பிள்ளைக்கு நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கித் தருபவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறோமே என்பதுதான் என் கவலை.

கைபேசித் திரையின் நீல ஒளி, வெட்டவெளியில் பகல் வானம் தருவதில் மிகச் சிறு பங்கு. அந்தக் கண்ணாடிகள் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 17 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2023இல் சொன்னது. விழித்திரையைக் காக்கும் என்பதற்கும் நல்ல சான்று இல்லை. திரை பார்க்கையில் கண் எரிவதற்கு முக்கியக் காரணம், நாம் இமைக்க மறப்பது.

அடுத்த தவறு, புகையின் கேடு நுரையீரலோடு முடிந்துவிடும் என்று நினைப்பது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள இரத்தக்குழாய்ப் படலத்தில் இரத்த ஓட்டம் மிக அதிகம். மூச்சில் போன நஞ்சு அங்கேயும் போய்ச் சேரும். புகையிலையில் உள்ள காட்மியம் விழித்திரைத் திசுவில் படிகிறது. விழித்திரையின் நடுவே லூட்டின், சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமிகள் நீல ஒளியை வடிகட்டுகின்றன. புகைப்பவர்களிடம் இவை குறைவு எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வயதாக ஆக விழித்திரைச் செல்களில் லிபோஃபுஸ்சின் என்ற கழிவு சேர்கிறது. நீல ஒளி பட்டால் அது செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். புகை செய்வதும் அதே வகைச் சேதம்தான். இப்படி வடிகட்டி மெலிந்த கண்ணில்தான் வெயிலும் விழுகிறது.

பிரிட்டனில் 1,15,000 பேருக்கு மேல் பார்த்த ஓர் ஆய்வில் (2021), காற்றில் நுண்துகள் அதிகமுள்ள இடங்களில் வசிப்பவர்களிடையே மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி கெடுவது) கூடுதலாகக் காணப்பட்டது. காற்றுதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டிலோ ஈச்சங்காட்டிலோ இருப்பவர் தன் காற்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கு ஆலைகளும் அரசும்தான் பதில் சொல்ல வேண்டும். போகியன்று தெருவில் டயர் கொளுத்துவதையும், குழந்தை இருக்கும் அறையில் பீடி பிடிப்பதையும் நாமே நிறுத்தலாம்.

வெல்டிங் ஒளி பட்டுக் கண் கரகரத்தால் தாய்ப்பால் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம், கிருமி தொற்றும். அந்த வலி கருவிழியின் மேற்பரப்பில் ஏற்பட்ட புண்ணால் வருவது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் ‘வலிக்கவில்லை, ஒன்றுமில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். வெல்டிங் செய்பவருக்கு உரிய முகக் கவசம் வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதாது. கடலுக்குப் போகிறவர்களுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், விளிம்புள்ள தொப்பியும் உதவும்.

கண்ணுக்கென்று மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை, புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். முருங்கைக்கீரையில் லூட்டின் இருக்கிறது. அதைச் சமைத்துச் சாப்பிடலாம்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததைக் கண் பரிசோதனை என்று நினைப்பதும் தவறு. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயுள்ளவர்கள், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதுச்சேரியில் உள்ள தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஜிப்மர் மருத்துவமனையும் நமக்குப் பக்கம்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கையில் கதவு நிலையின் நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், அன்றைக்கே போங்கள்.