வெயில் வீட்டுக்குள்ளும் கொல்லும்

2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலைக்கு ஏறத்தாழ 15,000 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். வெயிலில் அலைந்து மயங்கியவர்கள் மட்டும் அல்லர், வீட்டிலேயே இருந்த பலரும் அதில் உண்டு. ஆகவே, 'வெளியே போகாமல் இருந்தால் போதும்' என்ற நம்பிக்கைதான் முதல் தவறு.

பாரிஸில் துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்கு நேர்கீழே இருந்த அறைகள் பகலில் அடுப்பாயின. இரவிலும் சூடு தணியவில்லை. உடல் ஓய்வு கொள்ளவேண்டிய இரவுகளே இப்படி நாள்கணக்கில் பறிபோனால் முதிய இதயம் எப்படித் தாங்கும்?

காற்று வரட்டும் என்று நண்பகலில் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள், அனல்தான் வரும். பகலில் திரை போட்டு மூடுங்கள், வெளியே குளிர்ந்த பிறகு திறந்துவிடுங்கள். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியும் உடலைச் சூடாக்கவே செய்யும்.

தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கோடைக்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

எனக்கு ஆறாத செய்தி ஒன்று உண்டு. அந்த ஆகஸ்ட், பிரான்சின் விடுமுறை மாதம். பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் ஊரில் இல்லை. யாரும் கேட்டு வராத 57 உடல்களைச் செப்டம்பர் 3 அன்று பாரிஸை ஒட்டிய தியே கல்லறையில் அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் சிராக் நேரில் வந்து நின்றார். அதன் பிறகுதான் தனித்திருக்கும் முதியோரின் பெயர்ப் பதிவேட்டை நகராட்சிகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

எனவே, தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்று அம்மா சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். யாராவது நேரில் போய்ப் பார்க்கட்டும். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்ப வாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை அதற்குப் பயன்படாது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.