கவராயம், பென்சில், விடைக்குறிப்பு

அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போகிறீர்களா? வடிவியலையும் வரைபடத்தையும் முதலில் பிடியுங்கள். பொதுத்தேர்வில் இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 போதும் என்கிறபோது இந்த 16 சும்மாவா?

எல்லோரிடமும் கவராயம் இருக்கிறதா என்று பாருங்கள். பென்சில் முனை மழுங்கியிருந்தால் தொடுகோடு வட்டத்தைத் தொடாது, வெட்டும். முதலில் உதவிப்படம், அப்புறம் அளவோடு வரைந்த படம், கடைசியில் வரைந்த படிகள். வரைபடத் தாளில் அளவுத்திட்டத்தை எழுதிவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும். இதைத் தினமும் சொல்ல வேண்டியிருக்கும்; சலிக்காமல் சொல்லுங்கள்.

ஒழுக்கத்துக்கென்று தனி வகுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாரத் தேர்வுத் தாளைப் பிள்ளைகளே விடைக்குறிப்பு வைத்துத் திருத்தட்டும், அதுவும் அவரவர் தாளை. "சார், எனக்கு நானே 3 மார்க் கூடப் போட்டுக்கிட்டேன்" என்று ஒருத்தி வந்து நின்றால், மார்க்கைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்த வாரம் விடைக்குறிப்பைக் கரும்பலகையில் எழுதுவது அவள்தான். ஆரம்பத்தில் சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். நாலைந்து தாளை வாங்கிச் சரிபார்த்து, தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வகுப்பு நடுவே மானத்தை வாங்கினால், அந்தப் பிள்ளை அப்புறம் சந்தேகம் கேட்கக்கூட உங்களிடம் வராது.